நிலவியல் களஆய்வு: ஆராய்ச்சி மாணவர்களுக்கு நிதியுதவி எங்கிருந்து கிடைக்கிறது?

புது தில்லி: ஜியாலஜி எனப்படும் நிலவியலில் முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவருக்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. அவர் படிக்க வேண்டிய பாறை இமயமலைச் சரிவிலோ, தார்வார் பகுதியின் பழைமையான நிலப்பரப்பிலோ, தக்காணத்தின் எரிமலைக்குழம்புப் பாறை அடுக்குகளிலோ இருக்கிறது. அங்கே சென்று, வாரக்கணக்கில் தங்கி, அளந்து, மாதிரிகள் எடுத்துத் திரும்பினால்தான் ஆய்வு தொடங்கும். அந்தப் பயணத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வின் தரத்தை மட்டுமன்றி, யார் நிலவியலாளராக முடியும் என்பதையும் தீர்மானிக்கிறது.

நாட்டில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டங்கள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மாணவரின் வாழ்க்கைச் செலவை ஈடுகட்டுவதற்காக வகுக்கப்பட்டவை. களஆய்வுக்கான செலவு வேறு தலைப்பில், வேறு வழியில், பல நேரங்களில் வேறு ஒருவரின் பெயரில் வருகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே நெருக்கடியைச் சந்திக்க நேர்கிறது. முக்கியமான நிதி வழிகள், அவற்றின் வரம்புகள், விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை ஆகியவற்றை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

களஆய்வு ஏன் அவசியம்?

2021 பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தரகண்ட் மாநிலம் சமோலியில் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து பெருவெள்ளம் ஏற்பட்டது. 2023 ஜனவரியில் அதே மாநிலத்தின் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்தது. 2024 ஜூலை 30-ஆம் தேதி கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தது. இவை ஒவ்வொன்றிலும் செயற்கைக்கோள் படங்கள் முதல் தகவலைத் தந்தன. ஆனால், மண்ணின் ஆழம், பாறைப் பிளவுகளின் திசை, நீர் ஊறும் இடங்கள் ஆகியவற்றை நேரில் சென்று பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

இந்திய நிலவியல் ஆய்வு மையம், தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை வரைபடமாக்கியுள்ளது. அந்த வரைபடத்தை ஊர் அளவிலும் சரிவு அளவிலும் நுணுக்கமாக்கும் பணிக்குப் பயிற்சி பெற்ற நிலவியலாளர்கள் தொடர்ந்து தேவைப்படுகின்றனர்.

கனிமத் தேவையும் இதே திசையைக் காட்டுகிறது. நாட்டுக்கு இன்றியமையாத 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை மத்திய அரசு 2023-இல் வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருக்கலாம் என்ற தொடக்கநிலை மதிப்பீடு அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ரூ.16,300 கோடி செலவிலான தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030-31 வரையிலான இந்த இயக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வு மையம் 1,200 ஆய்வுத் திட்டங்களை மேற்கொள்ள இலக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இத்தனை திட்டங்களுக்கும் சுத்தியலும் திசைகாட்டியும் பிடித்துப் பழகிய இளைஞர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு களப்பயணத்தின் கணக்கு

களப்பயணத்தில் வாகன வாடகை, தங்குமிடம், உணவு, உள்ளூர் வழிகாட்டி அல்லது உதவியாளருக்கான கூலி, மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் சரக்குக் கட்டணம் ஆகியவை முதல்கட்டச் செலவுகள். திரும்பிய பின்னர் இரண்டாம் கட்டச் செலவு தொடங்கும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். வேதிப் பகுப்பாய்வு, பாறையின் வயதைக் கணிக்கும் ஐசோடோப்பு ஆய்வு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கட்டணம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டாக, 20 நாள் பயணத்துக்கு வாகன வாடகை நாளொன்றுக்கு ரூ.3,500 எனவும், இருவருக்கான தங்குமிடம், உணவு நாளொன்றுக்கு ரூ.1,500 எனவும், 20 பாறைச் சீவல்களுக்குத் தலா ரூ.500 எனவும் வைத்துக்கொள்வோம். வாகனத்துக்கு ரூ.70,000, தங்குவதற்கும் உணவுக்கும் ரூ.30,000, சீவல்களுக்கு ரூ.10,000 என மொத்தம் ரூ.1,10,000 ஆகிறது. இது கணக்கை விளக்குவதற்கான உத்தேசத் தொகை மட்டுமே; இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். எனினும், பின்வரும் திட்டங்களை மதிப்பிடுவதற்கு இது ஓர் அளவுகோலாக உதவும்.

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்: அடிப்படை வழி

நிலவியல் முனைவர் பட்ட ஆய்வுக்கான நிதியுதவியில் மிகப் பரவலாக அறியப்பட்டது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு வழியே கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை ஆகும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் இந்தத் தேர்வில் ஐந்து பாடப்பிரிவுகள் உள்ளன. புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் அவற்றுள் ஒன்று. நிலவியல் மாணவர்கள் இந்தப் பிரிவில் தேர்வெழுதுகின்றனர். மூன்று மணி நேரத் தேர்வுக்கு மொத்த மதிப்பெண் 200.

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டின் நிறைவில் குழு ஒன்று ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டுப் பரிந்துரைத்தால், முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் ரூ.42,000 கிடைக்கும். அதற்கு முன்னர் இத்தொகை முறையே ரூ.31,000, ரூ.35,000 என இருந்தது. மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். விடுதி வசதி பெறாதவர்களுக்கு விதிகளின்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு.

களஆய்வுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது, கன்டிஜென்சி எனப்படும் இதரச் செலவு மானியமே. சிஎஸ்ஐஆர் உதவித்தொகை பெறுவோருக்கு இது ஆண்டுக்கு ரூ.20,000. யுஜிசி உதவித்தொகையில் அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.12,000, எஞ்சிய காலத்தில் ரூ.25,000. நூல்கள், வேதிப்பொருள்கள், எழுதுபொருள்கள், பயணம் அனைத்தும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

மேலே கூறிய உத்தேசக் கணக்குடன் ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். சிஎஸ்ஐஆர் மானியம் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ரூ.1 லட்சம். அது ஒரே ஒரு 20 நாள் பயணத்துக்குக்கூட முழுமையாகப் போதாது. முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பயணம் ஒருபோதும் போதுமானதன்று. 2023-ஆம் ஆண்டின் உயர்வு மாதத் தொகைக்கே பொருந்தியது. இதரச் செலவு மானியம் உயரவில்லை. கணினியில் ஆய்வு செய்யும் மாணவருக்கும் மலையில் ஆய்வு செய்யும் மாணவருக்கும் ஒரே அளவு மானியம் என்பதே இந்தத் திட்டத்தின் அடிப்படைக் குறைபாடு.

நெட் தேர்வு தற்போது மூன்று நிலைகளில் தகுதி வழங்குகிறது. முதல் நிலையில் உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மூன்றும் கிடைக்கும். மற்ற இரு நிலைகளில் தேறுவோர் முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தகுதி பெறுவர். ஆனால் உதவித்தொகை கிடைக்காது. தேர்ச்சிச் சான்றிதழைக் கையில் பெற்றவுடன் பணமும் வரும் என்று கருதிவிடாமல், எந்த நிலையில் தேர்ச்சி என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதுநிலை மாணவர்களுக்கு

எம்.எஸ்சி. நிலையிலேயே களப்பயிற்சி தொடங்கிவிடுகிறது. இந்த நிலையில் உள்ள மாணவர்கள் கவனிக்க வேண்டிய திட்டங்கள் சில உள்ளன.

யுஜிசியின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை, இளநிலை மதிப்பெண் அடிப்படையில் மாதம் ரூ.15,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதங்கள் வழங்கப்படுகிறது. தேசிய உதவித்தொகை இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டும்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் திட்டத்தில் நிலவியல், புவி இயற்பியல், புவி வேதியியல் ஆகியவை ஏற்கப்பட்ட பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் சிறந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.80,000 வரை கிடைக்கும். இதில் ரூ.60,000 உதவித்தொகை, ரூ.20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கானது. நிலவியல் மாணவர் ஒருவர் தம் முதல் களஆய்வை இந்த ரூ.20,000-இல் திட்டமிட முடியும். முதுநிலையில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெறுவோரும், நிர்ணயிக்கப்பட்ட மதிப்பெண் பெறும் இன்ஸ்பையர் மாணவர்களும் அதே திட்டத்தின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓஎன்ஜிசி அறக்கட்டளையின் உதவித்தொகை, நிலவியல் அல்லது புவி இயற்பியல் முதுநிலைப் படிப்பைத் தன் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் எனப் பிரிவுகள் உள்ளன. ஆண்டுக்கு ரூ.48,000 வழங்கப்படுகிறது.

எம்.டெக். படிப்போருக்குக் கேட் தேர்வு முக்கியமானது. நிலவியலும் புவி இயற்பியலும் ஒரே தாளில் அமைந்துள்ளன. பொதுப் பகுதிக்குப் பின் மாணவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் அடிப்படையில் சேருவோருக்கு மாதம் ரூ.12,400 வழங்கப்படுகிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்விலும் நிலவியல் தனித்தாளாக உள்ளது. ஆனால், அது சேர்க்கைத் தேர்வு மட்டுமே. தன்னளவில் உதவித்தொகை தருவதில்லை.

பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை

2018-19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம், மற்ற திட்டங்களிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.70,000, மூன்றாம் ஆண்டு ரூ.75,000, அடுத்த இரண்டு ஆண்டுகள் ரூ.80,000 என்பது அதன் மாதத் தொகை. அதைவிடக் களஆய்வாளருக்கு முக்கியமானது, ஆண்டுக்கு ரூ.2 லட்சம் என்ற தனி ஆய்வு மானியம். ஐந்து ஆண்டுகளில் இது ரூ.10 லட்சம். சிஎஸ்ஐஆர் மானியத்தைப்போல் பத்து மடங்கு.

எனினும், இந்த வாய்ப்பு ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கே உரியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஐஐடி, ஐஐஎஸ்சி நிறுவனங்களில் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்காக அடுத்த ஐந்து ஆண்டுகளில் 10,000 உதவித்தொகைகள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன்னர், தங்கள் பாடப்பிரிவும் நிறுவனமும் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் இடம்பெற்றுள்ளனவா என்பதை மாணவர்கள் சரிபார்க்க வேண்டும்.

சமூகப் பிரிவினருக்கும் பெண்களுக்கும்

பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குத் தனித்தனி தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டங்கள் உள்ளன. இவற்றை முறையே சமூகநீதித் துறை, பழங்குடியினர் நலத் துறை ஆகியவை சார்ந்த அமைச்சகங்கள் நிதியளித்து நடத்துகின்றன. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது.

குடும்பத்தின் ஒரே பெண் குழந்தையாக இருந்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோருக்கு, சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான உதவித்தொகையை யுஜிசி வழங்குகிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பிஎச்.டி. திட்டம் 27 முதல் 45 வயது வரையிலான பெண்களுக்கானது. படிப்பில் இடைவெளி விட்டவர்களுக்கு இது குறிப்பிடத்தக்க வாய்ப்பு. யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆய்வுக் காலத்தில் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் அனுமதிக்கின்றன.

எந்த உதவித்தொகையும் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு, நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் ரூ.8,000 வழங்கப்படுகிறது. இதன்படி ஓராண்டுக்கு மொத்தம் ரூ.96,000. அதாவது, மேலே கணக்கிட்ட ஒரு களப்பயணத்தின் செலவு அவருடைய ஓராண்டு உதவித்தொகையைவிட அதிகம். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே வழிகாட்டியின்கீழ், ஒருவர் ரூ.37,000 பெற மற்றொருவர் ரூ.8,000 பெறும் நிலை உள்ளது. இருவரும் ஏற வேண்டிய மலை ஒன்றே. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்த ரூ.8,000-உம் கிடைப்பதில்லை.

வழிகாட்டியின் திட்ட நிதி

நடைமுறையில், இந்தியாவில் நிலவியல் களஆய்வின் பெரும்பகுதி, வழிகாட்டும் பேராசிரியர் பெற்றுள்ள ஆய்வுத் திட்டத்தின் பயணத் தலைப்பிலிருந்தே நடைபெறுகிறது. எனவே, நிதி வழங்கும் அமைப்புகள் எவை என்பதை மாணவரும் அறிந்திருப்பது பயன் தரும்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. முன்னர் இருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டுவது இதன் இலக்கு, அதில் ரூ.14,000 கோடி மத்திய அரசின் பங்கு, எஞ்சியது அரசு சாராத வழிகளிலிருந்து எதிர்பார்க்கப்படுகிறது.

2006-இல் உருவான மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் பிருத்வி விஞ்ஞான் திட்டத்துக்கு 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு இதன் மதிப்பு ரூ.4,797 கோடி. நிலநடுக்கவியல், புவி அறிவியலுக்கு ஒன்று, துருவப் பகுதிகள், பனிப்பாறைகளுக்கு ஒன்று, ஆராய்ச்சி, கல்வி, பயிற்சிக்கு ஒன்று எனத் துணைத்திட்டங்கள் இதில் அடங்கும்.

கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் ஆண்டுதோறும் அண்டார்க்டிகா பயணத்தை ஒருங்கிணைக்கிறது. ஏற்கப்பட்ட ஆய்வுத் திட்டங்களின் உறுப்பினர்களாக ஆராய்ச்சி மாணவர்களும் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குச் செல்ல முடியும். புறப்படும் முன்னர் மருத்துவப் பரிசோதனையும், உத்தரகண்டின் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரின் பயிற்சியும் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியில் அதே மையம் ஹிமான்ஷ் என்ற உயர்மலை ஆய்வு நிலையத்தை 2016-இல் தொடங்கியது.

டேராடூனில் உள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லுயிர் அறிவியல் நிறுவனம், ஹைதராபாதின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வில் சேருவோருக்கு நிறுவனத்தின் களவசதிகள் துணைநிற்கும். உதவித்தொகைத் தொகை ஒன்றாக இருப்பினும், களத்துக்குச் செல்லும் வாய்ப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறுபடும் என்பதைச் சேர்க்கையின்போதே விசாரித்து அறிவது நல்லது.

வெளிநாட்டுச் சங்கங்களின் மானியங்கள்

தொழில்சார் சங்கங்கள் வழங்கும் சிறு மானியங்கள் களச்செலவுக்கென்றே வகுக்கப்பட்டவை. அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர்கள் சங்கத்தின் அறக்கட்டளை, பெட்ரோலியம், எரிசக்திக் கனிமங்கள், அவை சார்ந்த சூழலியல் நிலவியல் ஆகிய தலைப்புகளில் ஆய்வு செய்யும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு உலக அளவில் மானியம் வழங்குகிறது. கனிமப் படிவுகளை ஆய்வு செய்வோருக்குப் பொருளாதார நிலவியலாளர்கள் சங்கத்தின் அறக்கட்டளை மானியம் உண்டு. படிவுப் பாறைகளை ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்களுக்குச் சர்வதேசப் படிவியலாளர்கள் சங்கம் உதவுகிறது. இத்தகைய சங்கங்கள் பலவற்றில் மாணவர் உறுப்பினராக இருப்பது முன்நிபந்தனை.

1888-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பட்டதாரி மாணவர் ஆய்வு மானியம் பலராலும் அறியப்பட்டது. ஆனால், அது வட அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளின் கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு உரியது. அங்கு சேர்ந்து படிக்கும் இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் படிப்போருக்குப் பொருந்தாது. தகுதியைப் படிக்காமல் விண்ணப்பம் தயாரித்து நேரத்தை இழப்பதைத் தவிர்க்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் இலவச வளங்கள்

களத்துக்குச் செல்லும் முன்னர் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் பயண நாள்களைக் குறைக்கும். இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் வரைபடங்களையும் தரவுகளையும் பெறலாம். 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் கனிம ஆய்வுத் தரவுகளை ஓரிடத்தில் சேர்த்துள்ளது. தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன், பூநிதி தளங்களில் செயற்கைக்கோள் படங்கள் உள்ளன. வரைபடங்களைப் பயன்படுத்துவதற்கான கட்டுப்பாடுகள் 2021 பிப்ரவரியில் பெருமளவு தளர்த்தப்பட்டன.

பாறை, படிவுகளின் வயதுக் கணிப்புக்குப் புது தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் தேசிய அளவிலான வசதி உள்ளது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்மொழிவு அளித்து அதைப் பயன்படுத்த முடியும். ஆய்வுக்கான மாதிரிகளை எடுக்கும் முன்னரே இத்தகைய மையங்களின் காத்திருப்புக் காலத்தைக் கேட்டறிந்து, உதவித்தொகைக் காலத்துக்குள் முடிவுகள் கிடைக்குமாறு திட்டமிட வேண்டும்.

அனுமதியும் பாதுகாப்பும்

நிதி கிடைத்தாலும் அனுமதி இல்லாமல் களம் திறக்காது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சரணாலயங்களுக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி தேவை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மாநிலங்களுக்குள் செல்லப் பிற மாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு அவசியம். தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பாறையை உடைத்து மாதிரி எடுக்கக் கூடாது. பெங்களூரு லால்பாகின் நைஸ் பாறை, பெரம்பலூர் அருகே சாத்தனூர் கல்மரம் ஆகியவை அத்தகையவை.

களத்துக்குத் தனியாகச் செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது நிலவியலின் முதல் பாடம். ஆனால், உடன் வருபவரின் பயணச் செலவை ஏற்க உதவித்தொகைத் திட்டங்களில் தனித் தலைப்பு இல்லை. பாதுகாப்பான தங்குமிடம், நம்பகமான வாகனம் ஆகியவற்றைப் பணம் இல்லாத காரணத்தால் கைவிடும்போது, அதன் சுமை பெண் ஆய்வாளர்கள் மீதே அதிகமாக விழுகிறது. காப்பீடு, முதலுதவிப் பெட்டி, தொலைத்தொடர்பு வசதி ஆகியவற்றைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக் கேட்பது உரிமையே தவிர, சலுகை அன்று.

நாள்காட்டியின் முரண்

தீபகற்ப இந்தியாவில் களஆய்வுக்கு ஏற்ற காலம் பொதுவாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை. உயர் இமயமலையில் பருவமழைக்கு முன்னும் பின்னும் உள்ள சில வாரங்களே கிடைக்கும். அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நிதி விடுவிப்பு தாமதமாகி பிப்ரவரி இறுதியில் பணம் வந்தால், களப்பருவம் முடிந்திருக்கும். கணக்கை முடிக்க மார்ச் 31 நெருங்கியிருக்கும். ஒரு மாதத் தாமதம், நிலவியல் மாணவருக்கு ஓராண்டுத் தாமதமாக மாறுவது இப்படித்தான்.

மாத உதவித்தொகையிலும் தாமதம் குறித்த புகார்கள் தொடர்ந்து எழுகின்றன. யுஜிசி உதவித்தொகையில், மாணவர் ஆய்வைத் தொடர்வதைக் கல்வி நிறுவனம் மாதந்தோறும் இணையத்தில் உறுதிசெய்தால்தான் தொகை வங்கிக் கணக்கில் சேரும். மாணவர் களத்தில் இருக்கும் மாதத்தில் இந்த நடைமுறை தடைபடாமல் இருக்க, புறப்படும் முன்னரே துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

• ஆய்வுக் கேள்வியை முதல் பத்தியிலேயே கூற வேண்டும். எந்த இடம், எந்தப் பாறை, எந்தக் கேள்வி என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

• களம் ஏன் தவிர்க்க இயலாதது என்பதை விளக்க வேண்டும். இருக்கும் வரைபடமும் செயற்கைக்கோள் படமும் விடை தராத பகுதி எது எனக் குறிப்பிட வேண்டும்.

• செலவுப் பட்டியலை நாள், கிலோமீட்டர், மாதிரி எண்ணிக்கை எனப் பிரித்துக் காட்ட வேண்டும். மொத்தத் தொகையாகக் கேட்பது விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தும்.

• அனுமதிக்கு விண்ணப்பித்த விவரம், பருவம், மாற்று இடம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

• ரசீதுகளை அன்றன்றே படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். கிராமப்புற வாகன ஓட்டுநர், உதவியாளர் ஆகியோரிடம் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு பெற வேண்டும்.

• வெவ்வேறு வழிகளில் பெறும் தொகைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாத உதவித்தொகைகள் பெற இயலாது. களச்செலவுக்கான தனி மானியத்தைக் கூடுதலாகப் பெற முடியுமா என்பதை நிதி வழங்கும் அமைப்பிடம் எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எஞ்சியிருக்கும் இடைவெளி

மேகாலயாவின் மாவ்ம்லு குகையில் எடுக்கப்பட்ட கல்விழுதின் ஆய்வு, புவியின் வரலாற்றில் 4,200 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய காலப்பிரிவுக்கு 2018-இல் மேகாலயன் காலம் என்ற பெயரைப் பெற்றுத் தந்தது. உலக நிலவியல் கால அட்டவணையில் இந்திய மண்ணின் பெயர் இடம்பெற, யாரோ ஒருவர் அந்தக் குகைக்குள் இறங்க வேண்டியிருந்தது.

அத்தகைய பயணங்களுக்கான ஆர்வம் மாணவர்களிடம் குறையவில்லை. கனிம இயக்கத்துக்கும் பேரிடர்த் தடுப்புக்கும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒதுக்கப்படும் நாட்டில், அந்தப் பணிகளுக்கு வருங்காலத்தில் பொறுப்பேற்கவுள்ள மாணவரின் ஆண்டுக் களச்செலவு மானியம் ரூ.20,000 என்ற அளவில் நிற்கிறது. களம் சார்ந்த பாடங்களுக்குத் தனிக் கள மானியம், பருவத்துக்கு முன்பே நிதி விடுவிப்பு, உடன் செல்பவருக்கான செலவு ஆகிய மூன்றும் பெரிய தொகையைக் கோருபவை அல்ல. அவை இல்லாத நிலையில், செல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் செல்ல முடிந்த இடத்தை ஆய்வு செய்யும் கட்டாயம் மாணவர்களுக்கு நேர்கிறது. அப்படி விடுபடும் மலைச்சரிவுகள் வரைபடத்தில் வெற்றிடமாகவே எஞ்சும். அவற்றின் அடிவாரத்தில் மக்கள் வாழ்கின்றனர்.

உதவித்தொகை விகிதங்களும் தகுதி விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் முன்னர் அந்தந்த அமைப்பின் அண்மைய அறிவிக்கையை மாணவர்கள் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.